டோப்பாவும் டாலி ஆகணும் சார்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு ஆபீஸை விட்டுக் கிளம்பும்போது அவருக்கு வழுக்கை. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு உள்ளே நுழையும்போது தலை நிறைய முடி! நடுவில் இருந்தது இரண்டே நாள். எந்த உரம் போட்டாலும் அப்படி ஒரு விளைச்சல் கிடையாது.

யாரும் நேராக ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுதான் கொடுமை. டீ கொண்டுவருகிற பையன் கிளாஸை வைத்துவிட்டுத் தேவைக்கு மேல் ஒரு விநாடி நிற்பான். கேஷ் செக்ஷனில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வரும். மத்தியானம் டிபன் பாக்ஸ் திறப்பதற்குள் 'டோப்பா' என்கிற ஒரே வார்த்தை மூன்று மாடியும் ஏறி இறங்கிவிடும்.

சரி, பழைய ஆட்களுக்குத் தெரிந்தது. அவர் வழுக்கையோடு இருந்ததைப் பார்த்தவர்கள். ஆனால் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த புதுப் பையன்கூடக் கண்டுபிடித்துவிட்டானே, எப்படி?

கலர்!

காதோரத்தில் சாம்பலும் கறுப்புமாக ஐம்பது வயது. மேலே புது டயர் மாதிரி பளபளவென்று இருபத்திரண்டு வயது. ஒரே தலையில் இரண்டு பேர் குடியிருந்தால் தெருவுக்குத் தெரியாமல் இருக்குமா?

நான் பி.காம். எங்களுக்குக் காலேஜில் முதல் வருஷம் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டாலி ஆகணும். ஆகவில்லையென்றால் எங்கேயோ உதைக்கிறது என்று அர்த்தம். தலைக்கும் அதே விதிதான். மேலே வைப்பது சைடோடு டாலி ஆகணும். விக் வாங்கப் போகிற பத்துப் பேரில் பாதிப் பேர் தனக்கு என்ன வயது ஆகவேண்டுமென்று ஆசையோ, அந்த வயதின் கலரைக் கேட்கிறார்கள். கேட்கவேண்டியது ஆசையை அல்ல, காதோரத்தை!

லாடம்தான் ஆடிட்டர்

ஆண்களுக்கு முடி கொட்டுவதில்கூட ஓர் ஒழுங்கு உண்டு. 1951-ல் ஹாமில்டன் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதை வகை பிரித்தார். 1975-ல் நார்வுட் என்கிற டாக்டர் அதைத் திருத்தி ஏழு வகையாக்கினார். முதலில் நெற்றியின் இரண்டு ஓரமும் பின்வாங்கும். அப்புறம் உச்சியில் ஒரு வட்டம். பிறகு இந்த இரண்டு கட்சியும் கூட்டணி சேர்ந்து நடுவில் மைதானம் ஆகிவிடும். ஆனால் காதுக்கு மேலேயும் பிடரியிலும் குதிரை லாடம் மாதிரி ஒரு வளையம் மட்டும் கடைசி வரைக்கும் நிற்கும்.

அந்த லாடம்தான் உங்கள் ஆடிட்டர். நீங்கள் விக் வையுங்கள், ஒட்டு பேட்ச் வையுங்கள். பார்க்கிறவன் கண் முதலில் போவது மேலேயுள்ள முடியும் லாடமும் சந்திக்கிற கோட்டுக்குத்தான். அந்த எல்லைக்கோடு தெரியாமல் போனால் பிழைத்தீர்கள்.

கறுப்பில் எத்தனை கறுப்பு!

'நமக்கெல்லாம் கறுப்பு முடிதானே, இதில் என்ன பெரிய கலர் செலக்ஷன்?' என்று கேட்பீர்கள். கடையில் போய்ப் பார்த்தால்தான் தெரியும். சாவிக்கொத்து மாதிரி ஒரு வளையம் வைத்திருப்பார்கள். அதில் சாவிக்குப் பதில் குட்டிக் குட்டி முடிக் குஞ்சங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்.

1 என்றால் காக்கைக் கறுப்பு. வெயிலில் பிடித்தால் லேசாக நீலம் அடிக்கும். 1பி என்றால் அதற்கு ஒரு படி கீழே, கொஞ்சம் மிருதுவான கறுப்பு. 2 என்றால் அடர்த்தியான காப்பிக்கொட்டை நிறம்; அறைக்குள் அதுவும் கறுப்பாகத்தான் தெரியும். அதற்கு மேல் நம்பர் ஏற ஏறப் பழுப்பு.

'என் முடி சுத்தக் கறுப்பு சார்' என்று சத்தியம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் வெயிலில் நின்றால் 1பி-தான். இன்னும் சிலர் 2-க்குப் பக்கம். ஆனால் கை தானாக 1-ஐத்தான் எடுக்கும்! அதுதான் இளமை என்று நினைப்பு.

இரண்டு நம்பருக்கு நடுவில் ஊசலாடினால் சமையலறை விதியை நினைத்துக்கொள்ளுங்கள். சாம்பாரில் உப்புக் குறைந்தால் போட்டுக்கொள்ளலாம். கூடிவிட்டால் என்ன செய்வது? மனித முடியில் செய்த விக்காக இருந்தால் கொஞ்சம் வெளுப்பாக இருப்பதைச் சாயம் போட்டுக் கறுப்பாக்கலாம். கறுப்பை வெளுக்கவேண்டுமென்றால் ப்ளீச் செய்யவேண்டும். முடி வைக்கோல் ஆகிவிடும். செயற்கை இழை விக் என்றால் அந்தப் பேச்சே கிடையாது. வீட்டில் போடுகிற டை அதில் பிடிக்காது. வாங்கின அன்று என்ன கலரோ, அதுதான்.

இன்னொரு சங்கதி, அடர்த்தி. காசு கொடுக்கிறோமே என்று காடு மாதிரி கேட்காதீர்கள். முடி அடர்த்தியானால் இடையில் தோல் தெரியாது. தோல் தெரியாவிட்டால் அதே 1பி-யே இன்னும் ஒரு படி கறுப்பாகத் தெரியும். சைடில் இருப்பது மெல்லிசாக இருந்தால் மேலேயும் மெல்லிசாகவே இருக்கட்டும்.

எண்ணெய்த் தலை ஏமாற்றும்

கலர் பார்க்கப் போகிற அன்று தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு போகாதீர்கள். எண்ணெய் பட்ட முடியும் ஈர முடியும் ஒரு படி கறுப்பாகக் காட்டும். அதற்குச் சரியாக விக் எடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஷாம்பூ போட்டுக் குளித்தால் மேலே தனி, சைடு தனி! முதல் நாள் நன்றாகத் தலைக்குக் குளித்து, காயவைத்து, வெறுந்தலையோடு போங்கள்.

டை அடிக்கிற ஆசாமிகள் முதலில் ஒரு முடிவுக்கு வரவேண்டும். சைடுக்குத் தொடர்ந்து டை அடிப்பீர்களா, விட்டுவிடுவீர்களா? முடி மாதத்துக்குச் சுமாராக ஒரு சென்டிமீட்டர் வளரும். பதினைந்து நாள் சோம்பேறித்தனம் பண்ணினால் சைடில் அடியில் அரை சென்டிமீட்டர் வெள்ளை எட்டிப் பார்க்கும். மேலே இருக்கிற விக்கோ வளராது; எட்டிப் பார்க்க அதற்கு அடியே கிடையாது. மருதாணி போட்டு நரையை ஆரஞ்சு ஆக்கி வைத்திருக்கிறவர்களுக்கும் இதே சேதிதான்.

ஜாக்கெட் பிட் சயின்ஸ்

தி.நகரில் மேட்சிங் சென்டர் வாசலில் ஒரு காட்சி பார்த்திருப்பீர்கள். உள்ளே ஆயிரம் விளக்கு எரியும். இருந்தாலும் பெண்கள் புடவையையும் ஜாக்கெட் பிட்டையும் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள். சேல்ஸ்மேன் பின்னாலேயே ஓடி வருவார். நாம் வெளியே பையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, 'இதென்னடா இம்சை' என்று நினைப்போம்.

இம்சை இல்லை, விஞ்ஞானம். ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரிகிற இரண்டு கலர் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். உங்கள் முடியின் கறுப்பு உடம்பே தயாரித்த மெலனின். விக்கின் கறுப்பு பெரும்பாலும் சாயம். இரண்டும் வேறு வேறு சரக்கு. வெளிச்சத்தை வேறு வேறு மாதிரி திருப்பும். 6500 கெல்வின் என்று டப்பாவில் போட்டிருக்கிற வெள்ளை எல்.ஈ.டி. பல்பில் ஜோடி சேர்ந்தது, 3000 கெல்வின் மஞ்சள் பல்பில் ஹோட்டலில் விவாகரத்து ஆகலாம்.

ஆகவே மூன்று இடத்தில் பாருங்கள். வெயில் ஒன்று, வெள்ளை விளக்கு ஒன்று, மஞ்சள் விளக்கு ஒன்று. மூன்றிலும் பாஸானால் வாங்கலாம். இரண்டில்தான் பாஸ் என்றால், அதில் ஒன்று கண்டிப்பாக வெயிலாக இருக்கட்டும். நம் ஊரில் ஒளிந்துகொள்ள முடியாத ஒரே ஆசாமி சூரியன்தான்.

நரைக்கும் பர்சென்டேஜ் உண்டு

நரை ஆரம்பித்தவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் கூடும். ஆண்களுக்குப் பொதுவாகக் கிருதாப் பக்கம்தான் முதலில் வெளுக்கும், பிடரி கடைசியில். கடையில் 1பி20 என்று ஒரு குஞ்சம் காட்டினால், 1பி கறுப்பில் நூற்றுக்கு இருபது நரை என்று அர்த்தம். 1பி10, 1பி40 என்று ஏறிக்கொண்டே போகும். கடைக்குக் கடை எழுதுகிற முறை கொஞ்சம் மாறலாம். கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் பர்சென்டேஜை நீங்களே கண்டுபிடிக்கலாம். கிருதாவுக்கு மேலே கொஞ்சம், பிடரியில் கொஞ்சம் முடி வெட்டச் சொல்லி எடுத்துக்கொள்ளுங்கள். பிடரி முடியை ஒரு காகிதத்தில் பரப்பி ஐம்பது எண்ணுங்கள். அதில் எத்தனை வெள்ளையோ அதை இரண்டால் பெருக்கினால் பர்சென்டேஜ். கிருதாவுக்குத் தனியாக அதே மாதிரி. (ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இதை ஹாலில் உட்கார்ந்து செய்யாதீர்கள். வீட்டில் டாக்டரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.) மேலே வைக்கிற விக்குக்கு இரண்டுக்கும் நடுவில் ஒரு நம்பர் பொருந்தும்.

ஆர்டர் கொடுத்துச் செய்வதானால் இதே முடியை ஒரு பென்சில் தடிமனுக்கு எடுத்து, ஒரு முனையில் டேப் ஒட்டிக் கொடுங்கள். போட்டோவை அனுப்பாதீர்கள். போன் கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தைத் திருத்தும்; மாப்பிள்ளை போட்டோ விஷயத்தில் இது நமக்கெல்லாம் தெரிந்ததுதானே!

விக்கில் சேர்க்கிற அந்த வெள்ளை பெரும்பாலும் மனித முடி இல்லை. கறுப்பு முடியை ப்ளீச் செய்து வெள்ளையாக்கினால் மஞ்சளடிக்கும். அதனால் செயற்கை இழை போடுவார்கள், அல்லது இமயமலைப் பக்கத்து யாக் எருதின் முடி. மேலேயிருக்கிற கறுப்பு மட்டும் நம் திருப்பதி சரக்காக இருக்கலாம். நாம் வேண்டிக்கொண்டு கொடுத்த முடி தரம் பிரித்து ஏலம் போய், அதில் ஒரு பகுதி சீனாவுக்குக் கப்பலேறி, விக்காக முடையப்பட்டுத் திரும்பி வருகிறது. கொடுத்தது பெருமாளுக்கு, திரும்பி வாங்குவது பில் போட்டு!

தலையணைக்கு கேரண்டி இல்லை

என் சித்தி பையனுக்கு 31 வயது. அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ். உச்சி காலி. பெண் பார்க்கப் போன அன்று கெரட்டின் பவுடரைத் தூவி, முடி மாதிரி காட்டிச் சமாளித்தாயிற்று. நிச்சயமாகி, தையில் முகூர்த்தம். அதற்குள் பேட்ச் வைத்துவிடலாம் என்று ஏற்பாடு. 'அண்ணே, நீங்களும் கூட வாங்க' என்றான். சித்தி வாசல் வரை வந்து, 'நல்லாக் கறுப்பாப் பாத்து வாங்குடா. ஆல்பத்துல பளிச்சுனு இருக்கணும்' என்று ஆசீர்வதித்து அனுப்பினாள்.

கோடம்பாக்கத்தில் ஒரு மாடி. சினிமாவுக்கு விக் கட்டிக்கொடுத்து வந்த பெரியவர் ஒருவர். வளையத்தை நீட்டினார். தம்பியின் கை நேராக 1-க்குப் போனது.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவனைப் பால்கனி வெயிலுக்கு அழைத்துப் போய், 1-ஐக் காதுக்கு மேலே வைத்துக் கண்ணாடியைக் காட்டினார். தனியாக, நீலமாக, மை கொட்டின மாதிரி தெரிந்தது. எடுத்துவிட்டு 1பி-யை வைத்தார்.

'குஞ்சம் எங்கே இருக்கு, காட்டுங்க.'

தம்பி கண்ணாடியில் தேடினான்.

'காணாமப் போச்சில்ல? காணாமப் போனாத்தான் தம்பி மேட்ச்.'

அப்புறம் கிருதாவை விலக்கிப் பார்த்தார். அங்கே நாலைந்து நரை. 'அஞ்சு பர்சென்ட் நரை சேத்துக் கட்டிடறேன்' என்றார். தம்பி பதறிப்போனான். 'ஐயா, அந்த நாலு நரையைப் பிடுங்கிடறேனே!'

'எத்தனை வருஷம் பிடுங்குவீங்க? சினிமான்னா கேமராவுக்கு மட்டும் வெச்சாப் போதும். கல்யாணத்துக்கு வீடியோ லைட்டு, மண்டபத்து டியூப்லைட்டு, மறுநாள் மொட்டைமாடி வெயில், எல்லாத்துக்கும் வெக்கணும்.' கொஞ்சம் நிறுத்தி, சாதாரணமாகக் கேட்டார். 'பொண்ணுக்குத் தெரியுமில்ல?'

தம்பி என்னைப் பார்த்தான். நான் அவனையே பார்த்தேன்.

'கல்யாணம் முடிஞ்சு சொல்லிக்கலாம்னு...'

'தம்பி, நான் செய்யறது ஊரு கண்ணுக்கு. ஊரு அஞ்சடி தள்ளி நிக்கும். அஞ்சடிக்கு நான் கேரண்டி. தலையணைக்கு என்னால கேரண்டி தர முடியாது.'

அன்றைக்கு அட்வான்ஸ் கொடுக்காமலே இறங்கிவிட்டோம். கோடம்பாக்கம் ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய், போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். மூன்று எலெக்ட்ரிக் டிரெயின் போயிற்று. கல்யாணமே நின்றுபோனாலும் போகலாம். சித்தி முகம் எனக்கு முன்னால் வந்து வந்து போனது. நாலாவது டிரெயின் வருகிற நேரத்தில் திரும்பி வந்தான்.

'என்னடா சொல்றாங்க?'

'பவுடர்னு அன்னிக்கே தெரியுமாம்ணே. காபி குடிக்கறப்ப வேர்வையோட நெத்தியில கறுப்பா வழிஞ்சுதாம்.'

'அப்புறம்?'

'"நீங்களா சொல்றீங்களா, இல்லையான்னு பாத்துக்கிட்டிருந்தேன்"னு சொன்னா.' தொண்டையைச் செருமிக்கொண்டான். 'கலர் பாக்க அவளும் வராளாம். ஜாக்கெட் பிட் மேட்ச் பண்றதுல கில்லாடியாம்.'

வந்தாள். பெரியவர் சொன்ன அதே 1பி, அஞ்சு பர்சென்ட் நரையைத்தான் எடுத்தாள். சித்திதான் மண்டபம் வரை புலம்பினாள்: 'காசு குடுத்து நரை வாங்கின மாப்பிள்ளை ஊர் உலகத்துல உண்டா?'

2019-ல் 'பாலா' என்று ஓர் இந்திப் படம் வந்தது. வழுக்கையை மறைத்துக் கல்யாணம் செய்துகொள்கிற ஹீரோவை, உண்மை தெரிந்ததும் மனைவி விட்டுப் போய்விடுகிறாள். எந்த வளையத்திலும் இதற்கு மேட்சிங் குஞ்சம் கிடையாது. ஊருக்கு மறைப்பது உங்கள் உரிமை. கட்டிக்கொள்கிறவளுக்கு மறைப்பது வேறு கணக்கு.

தேய்மானம் போட்டுவிடுங்கள்

வாங்கியதோடு முடியவில்லை. சைடில் இருப்பது வளர்கிறது, மாதாமாதம் வெட்டுகிறோம், அடியிலிருந்து புதுச்சரக்கு வந்துகொண்டே இருக்கிறது. மேலே இருப்பதோ பழைய ஸ்டாக். வெயிலும் உப்புத் தண்ணீரும் ஷாம்பூவும் பட்டுப் பட்டு, மனித முடி விக் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பட்டை அடிக்கும். பைக்கில் போகிறவர்களுக்கு ஹெல்மெட் இந்த விதத்திலும் உயிர் காக்கும். செயற்கை இழை அவ்வளவாக வெளுக்காது. ஆனால் பளபளப்பு காட்டிக்கொடுக்கும், சூடு பட்டால் சுருங்கும்.

ஆகவே மாதம் ஒரு தடவை வெயிலில் கண்ணாடி பாருங்கள். செம்பட்டை தெரிந்தால் தெரிந்தவரிடம் கொடுத்து லேசாகச் சாயம் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த விக் வாங்கும்போது பழைய நம்பரையே ஒப்பிக்காமல் மறுபடி முடியை எண்ணுங்கள். இரண்டு வருஷத்தில் சைடு மாறியிருக்கும். நாற்பத்தைந்து வயதிலும் முப்பதின் நம்பரையே வாங்கினால் நீங்கள் இளமையாகத் தெரிய மாட்டீர்கள், விக்தான் தெரியும்.

இதெல்லாம் தலைவலி என்று தோன்றினால் வைக்காமலே விடலாம். திரையில் விதவிதமான தலையோடு வருகிற ரஜினிகாந்த், வெளியே வழுக்கையும் வெள்ளைத் தாடியுமாகத்தான் வருகிறார். விசில் ஒன்றும் குறைந்துவிடவில்லை. அவர் ரஜினி, நாம் ரஜினி இல்லை என்பீர்கள். வாஸ்தவம். வைக்கிறவர்கள் தாராளமாக வையுங்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? கண்ணுக்குக் கண்ணாடி, பல்லுக்குப் பல்செட், தலைக்கு விக்.

ஒன்றே ஒன்று. நல்ல விக்குக்குப் பாராட்டே வராது. 'முடி சூப்பரா இருக்கே சார்!' என்று நாலு பேர் சொன்னால் சந்தோஷப்படாதீர்கள். ஒரு நம்பர் இறக்குங்கள். அதற்குப் பதிலாக, புதிதாகப் பழகுகிற ஒருவர் உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'உங்களுக்கு என்ன வயசு இருக்கும்? முப்பத்தாறா?' என்று உங்கள் நிஜ வயதைச் சொன்னாரென்றால்...

கணக்கு டாலி!